தொண்ணூற்றாறு குழிகள்

"தப்பா சொல்றதைக்கூட மன்னிச்சிடலாம் வீணா. தப்பை ஏன் இவ்வளவு தைரியமா சொல்லுது உன் மாடல்?"

வீணாவின் ஆய்வு வழிகாட்டி ஜூலியா மேடம் இதைக் கேட்டது ஒரு வியாழக்கிழமை, ஆய்வுக்கூடத்தின் வாராந்தரக் கூட்டத்தில். திரையில் வீணாவின் படம் இருந்தது. மூன்று பெரிய கட்டங்கள், அவற்றுக்குள் சிவப்புப் புள்ளிகள். சிவப்பு என்றால் மாடல் சொன்ன விடை தப்பு. புள்ளி அடர் சிவப்பாக இருந்தால் மிக உறுதியாகச் சொன்ன தப்பு. கிட்டத்தட்ட எல்லாமே அடர் சிவப்பு.

வீணா பதில் சொல்லவில்லை. அவளுக்குப் பதில்கள் வராமல் இல்லை. வீட்டுக்குப் போகும் பேருந்து பெங்களூரின் ஹெப்பால் மேம்பாலத்தில் நின்றுகொண்டிருக்கும்போது ஒவ்வொன்றாக வரும். கூட்டத்தில் மட்டும் வராது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். விடை தெரிந்தும் கை தூக்காமல் உட்கார்ந்திருந்த பெண் அவள்.

நான்கு வருடமாக அவள் செய்து வந்த வேலை இதுதான். ஒரு மருத்துவமனையில் ஆயிரத்துச் சொச்சம் காசநோயாளிகள். மாத்திரை சாப்பிட ஆரம்பித்து இரண்டு மாதம் ஆனவுடன் அவர்களிடமிருந்து கொஞ்சம் ரத்தம் எடுக்கிறார்கள். அந்த ரத்தத்தில் ஆயிரக்கணக்கான மரபணுக்களில் எது சத்தமாக வேலை செய்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்று எண்களாக எடுக்கலாம். அந்த எண்களைப் பார்த்து, இவருக்கு மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று வீணா எழுதிய கணினிக் கணக்கு, அதாவது அவளுடைய மாடல், சொல்ல வேண்டும். 'ஆம்', 'இல்லை' என்று அது சொல்லாது. இவருக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு, அவருக்கு நூற்றுக்கு ஐம்பத்தைந்து என்று, தான் எவ்வளவு நம்புகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கணக்கு. அதனாலேயே வீணாவுக்கு அதைப் பிடித்திருந்தது.

உண்மையான விடை மருத்துவமனைப் பதிவேட்டில் ஏற்கெனவே இருந்தது. சளிப் பரிசோதனையில் தெரிந்த விடை. மாடல் சொன்னதை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

ரத்த மாதிரிகள் பிளேட்டுகளில் இருந்தன. உள்ளங்கை அகல பிளாஸ்டிக் தட்டு. எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு, ஆக மொத்தம் தொண்ணூற்றாறு சிறிய குழிகள். ஒரு குழிக்கு ஒருவர். மொத்தம் பதினொரு பிளேட். முதல் எட்டில் மாடல் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று சரியாகச் சொன்னது. கடைசி மூன்றில் பாதிதான் சரி.

"பாதிக்குப் பாதின்னா காசு சுண்டிப் போட்டுப் பார்த்திருக்கலாமே மா," என்றார் பாலகுமார். நாமக்கல்காரர். முனைவர் பட்டம் முடித்து அங்கேயே ஆராய்ச்சியாளராக இருப்பவர். பிளேட்டுகளை நிரப்பியது அவர்தான். அதே ரத்த எண்களை வைத்து விடை சொல்லும் வேறொரு முறையை அவரும் உருவாக்கியிருந்தார். "நாலு வருஷம் எதுக்கு? ஒரு ரூபா காயின் போதும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். வீணாவும் சிரித்து வைத்தாள்.

"உங்க மெத்தட் அந்த மூணுல எப்படி, பாலா?" என்று மேடம் கேட்டார்.

"தொண்ணூத்தஞ்சு பர்சென்ட் மேடம். அந்தந்த பிளேட்டோட ரெஜிஸ்டரைக் காட்டி தனித்தனியா டியூன் பண்ணிடுவேன். அப்புறம் எந்த பிளேட்டும் சொன்ன பேச்சைக் கேக்கும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். கோபம் வந்தால் ஆங்கிலம் பேசுவார், வருத்தம் வந்தால் தமிழ் பேசுவார். இப்போது தமிழில் பேசினார்.

"இதோ பார் வீணா, அடுத்த வெள்ளிக்கிழமை உன் தீசிஸ் கமிட்டி. வியாழக்கிழமைக்குள்ள இது ஏன்னு நீ சொல்லணும். இல்லேன்னா இந்தச் சாப்டரை எடுத்துடலாம். பாலாவோட மெத்தடையே எல்லா பிளேட்டுக்கும் எடுத்துக்கலாம். உனக்கு ஒரு வருஷம் கூட ஆகும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்னாலும், அந்தச் சாப்டரை எடுத்துவிட்டால் ஆய்வேட்டில் மீதி இருப்பது முன்னுரையும் நன்றியுரையும்தான் என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும்.

*

ஜீவனஹள்ளி வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா சந்திரம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். காக்ஸ் டவுனில் மூன்று வீடுகளில் சமைத்துவிட்டு வந்து, நான்காவதாகத் தன் வீட்டுக்குச் சமைப்பவள்.

"இன்னாடி, மூஞ்சி உர்ருனு கீது?"

"ஒண்ணுமில்லம்மா."

"எதிர்வூட்டு சரசு கேட்டா. உம் பொண்ணு டாக்டருக்குப் படிக்குதே, என் சுகர் மாத்திரைய மாத்தணுமா கேட்டு சொல்லுன்னு. கேட்டு சொல்றேன்னு வந்துட்டேன்."

"அம்மா, நான் அந்த டாக்டர் இல்லம்மா. எத்தினி வாட்டி சொல்றது?"

"எனக்குத் தெரியும். அவளுக்கு இன்னாத்துக்குத் தெரியணும்? ரெண்டு வருஷமா தண்ணி கேன் அவளே மேல தூக்கியாந்து வெக்கிறா."

வீணாவுக்குச் சிரிப்பு வந்தது. சாப்பிட்ட பிறகு போய்விட்டது.

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் மாடலில் பிழை தேடினாள். கணக்கை வரிவரியாகப் படித்தாள். கிடைக்கவில்லை. மாடலை இன்னும் அடக்கமாகப் பேச வைக்க ஒரு வழி இருந்தது. ஒரு எண்ணை மாற்றினால் போதும், தொண்ணூற்றேழு எல்லாம் அறுபதாகிவிடும், அடர் சிவப்பு வெளிர் சிவப்பாகிவிடும், பார்க்க மோசமாக இருக்காது. அந்த எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். முதல் எட்டு பிளேட்டிலும் இதே உறுதியோடுதான் அது பேசியது. அங்கே சரியாக இருந்த தைரியத்தை இங்கே மட்டும் எப்படிப் பறிப்பது? விரலை எடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகத்தைத் திறந்து இப்படி எழுதினாள்: மாடல் தப்பாக இருக்கலாம். அல்லது மாடல் சரியாக இருந்து, குழியில் இருக்கும் ஆள் வேறு ஆளாக இருக்கலாம்.

எழுதிய பிறகு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. இரண்டாவது வரி பாலகுமாரைக் குற்றம் சொல்லும் வரி. அந்த ஆய்வுக்கூடத்தில் பிளேட் நிரப்பும் வேலையில் அவரை யாரும் குறை சொன்னதில்லை.

அடுத்து எழுதினாள்: மருந்து வேலை செய்ததா என்பதைத் தவிர இவர்களைப் பற்றி எனக்கு வேறென்ன தெரியும்?

பெயர் தெரியாது. எண் மட்டும்தான். பதிவேட்டில் வயது இருந்தது. ஆணா பெண்ணா என்று இருந்தது.

பெண்களின் உடம்பில் மட்டும் சத்தமாக வேலை செய்யும் ஒரு மரபணு உண்டு. ஆண்களிடம் அது ஊமை. ரத்தத்தின் எண்களில் அந்த ஒன்றைப் பார்த்தாலே அது யார் ரத்தம் என்று பாதி தெரிந்துவிடும். ஆனால் வீணாவின் கணக்கில் அந்த மரபணுவே இல்லை. ஆண், பெண் வித்தியாசம் நோயின் வித்தியாசத்தைக் குழப்பிவிடக் கூடாது என்று, எண்களைச் சுத்தம் செய்யும் முதல் படியிலேயே அதை எடுத்துவிடுவார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். எடுத்துப் போட்டதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சுத்தம் செய்யாத பழைய கோப்பைத் திறந்தாள். ஒன்பதாவது பிளேட், முதல் குழி. பதிவேட்டில் ஐம்பத்தெட்டு வயது ஆண். குழியில் அந்த மரபணு கத்திக்கொண்டிருந்தது.

இரண்டாவது குழி. பதிவேட்டில் பெண். குழியில் ஊமை.

வீணா எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

தொண்ணூற்றாறையும் நோட்டில் கட்டம் கட்டமாக வரைந்தாள். இடப் பக்கத்தில் பதிவேடு சொல்லும் ஆண் பெண். வலப் பக்கத்தில் ரத்தம் சொல்லும் ஆண் பெண். பெண்ணுக்கு மட்டும் பென்சிலால் நிழல் அடித்தாள். இரண்டும் பொருந்தவில்லை. வரிசையை ஒன்று தள்ளிப் பார்த்தாள், பொருந்தவில்லை. இரண்டு தள்ளிப் பார்த்தாள். இடவலமாக மாற்றிப் பார்த்தாள். இல்லை.

பதிவேட்டின் முதல் வரிசையில் ஐந்து பெண்கள் அடுத்தடுத்து இருந்தார்கள். ஐந்து கட்டம் தொடர்ச்சியாக நிழல். அதேபோல் ஐந்து கட்டம் ரத்தத்தின் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தேடினாள். கடைசி வரிசையில் இருந்தது. வலக் கோடியில்.

நோட்டைத் தலைகீழாகத் திருப்பினாள்.

முதல் குழிக்கு உரியவர் தொண்ணூற்றாறாவது குழியில் இருந்தார். இரண்டாமவர் தொண்ணூற்றைந்தில். கடைசி ஆள் முதல் குழியில். பிளேட்டை அரை வட்டம் சுற்றிவைத்து நிரப்பியிருக்கிறார்கள். தொண்ணூற்றாறுக்குத் தொண்ணூற்றாறும் பொருந்தின. பத்தாவது பிளேட்டிலும் அப்படியே. பதினொன்றிலும் அப்படியே.

"யம்மா!" என்று கத்திவிட்டாள்.

"இன்னாடி? பல்லியா?"

"பல்லி இல்லம்மா. மாறிப் போயிருக்குது. மொத்தமும் மாறிப் போயிருக்குது!"

"இன்னா மாறிச்சு? பால் பாக்கெட்டா?"

ஆனால் ஆட்கள் மாறியது வேறு, மாடல் சரி என்பது வேறு. ஆட்களைச் சரியான இடத்தில் வைத்த பிறகும் அது உளறலாம். பதிவேட்டைத் திருப்பி வைத்து, மாடலின் பழைய விடைகளை, ஒரு புள்ளிகூட மாற்றாமல், மறுபடி ஒப்பிட வேண்டும். அதற்கு ஒரே ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரியை எழுதிவிட்டு, பொத்தானை அழுத்தாமல், மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்து வந்தாள். மடித்தாள். அடுக்கினாள். பிறகு அழுத்தினாள்.

ஒன்பதாவது பிளேட்டில் எண்பத்தொன்பது சரி. பத்தில் தொண்ணூற்றொன்று. பதினொன்றில் தொண்ணூறு.

ஒன்பதாவது பிளேட்டில் தவறிய ஏழு பேரைத் தனியாகப் பார்த்தாள். அவர்களில் ஆறு பேருக்கு மாடல் முன்பே அறுபதுக்குக் கீழே சொல்லியிருந்தது. எனக்கு உறுதியில்லை என்று சொல்லிவிட்டுத்தான் தவறியிருந்தது. வீணா மடிக்கணினியின் மேல் கை வைத்துக்கொண்டு, கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல் தடவினாள்.

*

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகப் பாலகுமாரிடம் போனாள். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவர் கேள்விப்படக் கூடாது என்று நினைத்தாள். நோட்டைக் காட்டி மெதுவாகச் சொன்னாள்.

அவர் நோட்டைப் பார்க்கவே இல்லை.

"திருப்பி வெச்சிட்டேன்னு சொல்றியா?"

"நீங்கன்னு சொல்லலீங்கண்ணா. பிளேட்டு திரும்பியிருக்கு."

"பன்னெண்டு வருஷமா நிரப்புறேன் மா. பிளேட்டோட ஒரு மூலை வெட்டியிருக்கும், பார்த்திருக்கியா? முதல் குழி எங்கன்னு காட்டத்தான் அந்த வெட்டு. இடது கட்டை விரலை அதுல வெச்சுட்டா, கண்ணை மூடிட்டு ஊத்தலாம். இந்த லேப்ல எல்லாருக்கும் அதைச் சொல்லிக் குடுத்ததே நான்தான். உன் மாடல் தோத்துப்போச்சுன்னா ஒத்துக்கோ. என் கையை இழுக்காதே."

மேசையில் இருந்த தேநீரை எடுத்துக்கொண்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீணாவுக்குக் கண் கலங்கியது. ஆனால் அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அவர் விரல் வெட்டு மூலையில் இருந்திருந்தால் பிளேட் திரும்ப வழியே இல்லை. பிறகு எப்படித் திரும்பியது? இதற்கு விடை இல்லாமல் மேடத்தின் முன் போய் நின்றால், பன்னிரண்டு வருடக் கையையா, ஒரு பென்சில் படத்தையா, எதை அவர் நம்புவார்?

செவ்வாய்க்கிழமை கீழ்த்தளத்தில் ஸ்டோர் ரூமுக்குப் போனாள். சாமான்களைப் பிரித்து அடுக்குபவர் உமேஷ். கல்லூரி போகும் மகள் இருக்கும் மனிதர். வீட்டில் கன்னடம், ஸ்டோரில் எல்லா மொழியும்.

"உமேஷண்ணா, ஒன்பதாம் பிளேட்டு பண்ண மாசம் ஏதாவது மாறிச்சா? மெஷின், ஊத்துற டிப்பு, எதுனா?"

"கொத்தில்லம்மா, தெரியாது. ஒண்ணும் மாறலியே. எல்லாம் அதே சாமான்." தலையைச் சொறிந்தார். "பிளேட்டு டப்பா மட்டும் கலர் வேற. பழைய கம்பெனிக்காரன் ஸ்டாக் இல்ல, ரெண்டு மாசம் ஆகும்னான். பாலா சார் வெய்ட் பண்ண முடியாது, எதுனா தரிசு, வரவழைன்னாரு. வேற கம்பெனிது வாங்கினோம். பிளேட்டு அதே பிளேட்டு தாம்மா. ஸ்வல்ப, கொஞ்சம் சீப்."

"ரெண்டுலயும் ஒண்ணொண்ணு குடுங்கண்ணா."

அவர் இரண்டு டப்பாக்களைப் பிரித்தார். நீல டப்பா பழையது, பச்சை டப்பா புதியது. வீணா இரண்டு பிளேட்டையும் குழல்விளக்குக்கு நேராகப் பிடித்தாள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். வரிசைகளின் பெயர் எழுத்துகளும் அதே பிளாஸ்டிக்கில் மேடாக இருந்தன. கண்ணை இடுக்கினால்தான் தெரியும். பழைய பிளேட்டில் வெட்டு முதல் குழியின் பக்கத்து மூலையில் இருந்தது. புதிய பிளேட்டில் அதற்கு நேர் எதிர் மூலையில், தொண்ணூற்றாறாவது குழியின் பக்கத்தில் இருந்தது.

கட்டை விரலை அந்த வெட்டில் வைத்துப் பார்த்தாள். விரல் சரியாக உட்கார்ந்தது. பிளேட் தலைகீழாக இருந்தது.

"ஏன் ஆய்த்தும்மா, என்னாச்சு?" என்றார் உமேஷ். "உடைஞ்சிருக்கா? ரிட்டர்ன் போடலாமா?"

"வேணாண்ணா," என்றாள் வீணா. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "உமேஷண்ணா, இதை ரிட்டர்ன் மட்டும் போட்டுடாதீங்க. வியாழக்கிழமை மீட்டிங்குக்கு நீங்களும் வாங்க."

"நானா? மீட்டிங்குக்கா? பிஸ்கட் குடுப்பாங்களா?"

இரண்டு பிளேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் பாலகுமாருக்கு அனுப்பினாள். 'அண்ணா, உங்கள் விரல் சரியான இடத்தில்தான் இருந்தது. வெட்டுதான் இடம் மாறியிருக்கிறது' என்று எழுதினாள். அவர் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீல நிறத்தில் இரண்டு டிக் வந்தன. பதில் வரவில்லை. புதன்கிழமை அவர் விடுப்பு.

*

வியாழக்கிழமைக் கூட்டத்தில் வீணா முதலில் எழுந்தாள். ஆண் பெண் கட்டங்களைத் திரையில் போட்டாள். ஒன்றைச் சுழற்றினாள். அது போய் மற்றதன் மேல் பொருந்தியபோது அறையில் யாரோ "அடேயப்பா" என்றார்கள்.

பாலகுமார் நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்தார்.

"ஏம்மா, ஒரு பிளேட்டு திரும்புச்சுன்னு வெச்சுக்கோ. மூணுமா திரும்பும்? மூணு தடவையும் எனக்குத் தூக்கமா?"

வீணா உமேஷைப் பார்த்தாள். அவர் எழுந்து, கல்யாணத் தாம்பூலத் தட்டு வைப்பதுபோல், இரண்டு பிளேட்டையும் ஜூலியா மேடத்தின் முன் வைத்தார். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வெட்டுகளைத் தொட்டார். பிளேட்டுகளைத் திருப்பினார். மறுபடி தொட்டார்.

"மை காட்," என்றார். அப்புறம் தமிழில், "அப்ப உன் மாடல்?"

வீணா அடுத்த படத்தைப் போட்டாள். அதே மூன்று கட்டங்கள். அதே விடைகள். ஆட்கள் மட்டும் அவரவர் இடத்தில். சிவப்பு அங்கங்கே ஒன்றிரண்டு, அதுவும் வெளிர்ந்து.

"விடையை நான் தொடலை மேடம். போன வாரம் சொன்னதையேதான் இப்பவும் சொல்லுது. ரெஜிஸ்டர்தான் இப்ப சரியா இருக்கு."

யாரோ மேசையைத் தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். தட்டும் சத்தம் அடங்கியதும் பாலகுமார் சொன்னார்: "சரி, நல்லதுதான். ரெண்டு மெத்தடும் வொர்க் ஆகுதுன்னு பேப்பர்ல போட்டுக்கலாம். என்னுது ஏற்கெனவே தொண்ணூத்தஞ்சு."

வீணா உட்காரப் போனவள், உட்காரவில்லை. இந்தக் கேள்வி பேருந்துக்காகக் காத்திருக்காமல் அங்கேயே, வாயிலேயே வந்து நின்றது.

"அண்ணா, அந்தத் தொண்ணூத்தஞ்சு எந்த ரெஜிஸ்டரை வெச்சு?"

"எந்த ரெஜிஸ்டர்னா? ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர்."

"திருப்பாத ரெஜிஸ்டர்தானே?"

பாலகுமார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த மூணு பிளேட்லயும் குழிக்கு எதிர்ல இருந்தது வேற ஆளோட விடை," என்றாள் வீணா. "ஒருத்தர் ரத்தத்தைப் பார்த்துட்டு இன்னொருத்தர் விடையை எப்படிண்ணா தொண்ணூத்தஞ்சு பர்சென்ட் சரியா சொல்ல முடியும்? ரத்தத்தைப் பார்த்தா சொல்ல முடியாது. விடையைப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேர்வு எழுதிய பையனின் மதிப்பெண் அது என்று அறையில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேகத்தில் புரிந்தது. மேடத்துக்கு முதலில் புரிந்தது. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"வீணா, நாளைக்குக் கமிட்டில இதுதான் முதல் ஸ்லைடு," என்றார். "உன் மாடல் சரின்னு காட்டுறது ரெண்டாவது. நம்ம தப்பை அது கண்டுபிடிச்சதுன்னு காட்டுறது முதல்ல. போன வாரம் நான் கேட்டதுக்கு நீ ஏன் பதில் சொல்லலை?"

"தெரியாதுங்க மேடம் அப்ப."

"தெரியலைன்னு சொல்றதும் பதில்தான். நீயும் உன் மாடல் மாதிரியே பேசு." சொல்லிவிட்டுச் சிரித்தார். கூட்டத்தில் அவர் அப்படிச் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை. "சாப்டர் இருக்கு. பேப்பரும் உன்னுது. உன் பேர் முதல்ல."

பின்னால் இருந்து உமேஷ், "அப்ப பிஸ்கட் வேணாம் மேடம், ஸ்வீட்டே தரலாமே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வீணா திரையைப் பார்த்து நின்றாள். முகம் சூடாகி, காது வரை சிவந்து, ஆனாலும் தலை குனியவில்லை.

பாலகுமார் எழுந்தார். மடிக்கணினியை மூடினார். சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கி, முழங்கையில் சுற்றிச் சுற்றி மடித்தார். அவருக்கு வழிவிட வீணா ஒதுங்கினாள். ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மேசையில் இருந்த பச்சை டப்பாப் பிளேட்டை ஒரு தடவை எடுத்துப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.